விடுதியில் பிள்ளை, வாக்காளர் பட்டியலில் எங்கே?

2024 ஏப்ரல் 11 அன்று நோன்புப் பெருநாள். எட்டு நாள் கழித்து ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. பெருநாளுக்கு ஊர் வந்து விடுதிக்குத் திரும்பிய கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வாரமே மறுபடியும் பஸ் ஏறி வந்திருப்பார்கள்? கேரளத்தில் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு, அதுவும் வெள்ளி. தேதியை மாற்றுங்கள் என்று அங்கே முஸ்லிம் லீக் தேர்தல் ஆணையத்திடம் கேட்டது. தேதி மாறவில்லை. உள்ளூரில் இருப்பவர் ஜும்ஆவுக்கு முன்போ பின்போ போய் வாக்களித்துவிடலாம். வெளியூரில் படிப்பவரின் சிக்கல் வேறு.

திருத்தணியில் இந்தச் சிக்கலில் இன்னொரு முடிச்சும் விழுகிறது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிடமிருந்து தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. கோடு மாறினாலும் போக்குவரத்து மாறவில்லை. வடக்கே நகரி, புத்தூர், திருப்பதி என்று ரயிலும் பஸ்ஸும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. புத்தூரிலும் திருப்பதியிலும் கல்லூரிகள் இருப்பதால் பிள்ளைகளும் அங்கே போய்ப் படிக்கிறார்கள். ஆனால் 2024-இல் திருத்தணி ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது, திருப்பதி மே 13 அன்று. திருத்தணியில் பெயர் உள்ள மாணவர் திருப்பதி விடுதியில் இருந்தால், அங்கே ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாளே அல்ல. விடுப்பு போட்டுத்தான் வர வேண்டும்.

சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் தாம் வழக்கமாக வசிக்கும் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். தற்காலிகமாக வெளியே இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை அந்த ஊர்க்காரர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குத் தேர்தல் ஆணையம் இரண்டு வழி வைத்திருக்கிறது. பெற்றோரின் முகவரியிலேயே பதிவு செய்யலாம். அல்லது விடுதி முகவரியில் பதிவு செய்யலாம். இரண்டாவதற்குக் கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும்.

இதில் எது நல்லது? திருப்பதியிலோ புத்தூரிலோ சென்னையிலோ படிக்கும் பிள்ளைக்கு வீட்டு முகவரிதான் நல்லது என்பது என் கருத்து. சில மணி நேரப் பயணத்தில் ஊர் வந்துவிடலாம். மேலும், விடுதிக்கு மாற்றினால் ஆந்திராவின் சட்டமன்றத்துக்குத்தான் வாக்களிக்க முடியும். மூன்று வருடம் படித்துவிட்டுத் திரும்பி வரப்போகும் பிள்ளை, திருத்தணியின் எம்.எல்.ஏ. யார் என்பதில் பங்கில்லாமல் போவானேன்? அலிகரிலோ டெல்லி ஜாமியா மில்லியாவிலோ படிப்பவர் கதை வேறு. டிக்கெட் கிடைத்து இரண்டு நாள் ரயிலில் வந்து போவது எல்லாக் குடும்பத்துக்கும் ஆகிற காரியமில்லை. அவர்கள் விடுதி முகவரியில் பதிவு செய்துகொள்வதே வாக்கைக் காப்பாற்றும் வழி.

இப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட எல்லா நாட்டிலும் சும்மா கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் பிரெய்ரி வியூ என்ற கறுப்பின மக்களின் கல்லூரி இருக்கிறது. நீங்கள் இந்த ஊர்க்காரர்கள்தானா என்று அந்த மாணவர்களிடம் மட்டும் துருவித் துருவிக் கேட்டுப் பதிவை மறுத்தார் உள்ளூர் அதிகாரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1979-இல்தான் மாணவர்கள் பக்கம் முடிந்தது.

தபால் வாக்கு மாணவர்களுக்குக் கிடையாது. ராணுவத்தினர், தேர்தல் பணியில் இருப்பவர்கள், 85 வயது கடந்தவர்கள், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்கள் போன்ற சிலருக்கே அது உண்டு. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் தொலைதூர வாக்கு இயந்திரத்தைத் காட்டுவதற்காகத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. எதிர்க்கட்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சு அதோடு நிற்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் படிவம்தான். படிவம் 6 முதன்முறை பெயர் சேர்ப்பவருக்கு மட்டும். ஏற்கெனவே பெயர் உள்ளவர் முகவரி மாற்றப் படிவம் 8 கொடுக்க வேண்டும். வேறு தொகுதிக்குப் போவதானாலும் அதே 8தான். முன்பு தொகுதி மாறினால் படிவம் 6 என்று இருந்தது, 2022 ஆகஸ்டில் மாறிவிட்டது. பழைய நினைப்பில் விடுதியிலிருந்து புதிதாக 6 கொடுத்தால் இரண்டு இடத்தில் பெயர் ஏறிவிடும். ஒருவருக்கு இரண்டு பதிவு கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லை ஊரில், ‘இங்கேயும் இருக்கட்டும், அங்கேயும் இருக்கட்டும்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவது இதைவிடப் பெரிய ஆபத்து. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வெளியானபோது, 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தார்கள். நீக்கப்பட்டவர்களில் 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வந்தவர்கள். அலுவலர் வரும்போது வீட்டில் இல்லாத கல்லூரிப் பிள்ளை இந்தக் கணக்கில் விழுவது மிக எளிது. இத்தனைக்கும் ஊரில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவர் கையெழுத்திட்டுப் படிவத்தைக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ‘பையன் வந்ததும் போடுவான்’ என்று அலமாரியில் வைத்த வீடுகளில்தான் பெயர் போனது. அப்படிப் போன பெயரைத் திரும்பச் சேர்க்க உறுதிமொழியோடு படிவம் 6 கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற எண்ணில் கேட்கலாம், ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது.

பதினெட்டு நிரம்ப அடுத்த ஜனவரி வரை காத்திருக்கும் காலமும் போய்விட்டது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்குமே தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவது வீண். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு யார் பெயரையும் சேர்க்க முடியாது. அதற்கு முன்பும் ஆட்சேபணைக்காக ஏழு நாள் விட்டாக வேண்டும்.

அரபிக் கல்லூரி மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர் பாக்கியாத்திலும் உமராபாத் தாருஸ்ஸலாமிலும் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கி ஓதுகிறார்கள். விடுதி முகவரிக்கான விதி, அரசோ பல்கலைக்கழகமோ அங்கீகரித்த படிப்பைப் பற்றியே பேசுகிறது. ஆலிம் படிப்பு அதில் வருமா என்று அலுவலர் கேள்வி எழுப்ப இடம் இருக்கிறது. அந்த வாக்குவாதமே வேண்டாம், வீட்டு முகவரியிலேயே பெயர் இருக்கட்டும். வாக்குப்பதிவு நாளில் ஊர் போய்வர மதரஸா நிர்வாகங்கள் விடுமுறை விட வேண்டும். வரும் பிள்ளை ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ பையில் வைத்துக்கொள்ளட்டும். வாக்காளர் அட்டை இல்லாதபோது ஏற்கப்படும் ஆவணங்களில் கல்லூரி அடையாள அட்டை இல்லை.