பதினைந்து பவுண்டு போதும்

என் புது வில்லைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "என்னண்ணே, காட்டுப்பன்னிக்கா?" என்றுதான். ஜாசின் பக்கம் செம்பனைக் கன்று நட்ட எவருக்கும் பன்றி மேல் ஆத்திரம் இருக்கும். கேள்வியில் தப்பில்லை. ஆனால் முப்பது பவுண்டு இழுபாரமுள்ள இந்த வில்லை வைத்துப் பன்றியைச் சீண்டினால் ஓட வேண்டியவன் நான்தான். பழைய துணி அடைத்த சாக்கில் ஒட்டிய காகித வட்டம் ஒன்றே என் எதிரி.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் தயக்கத்தோடு வரும். "இது மலாய்க்காரங்க விளையாட்டு இல்லையா?" கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் நாட்டில் மரவில்லைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். நபிவழியில் சிறப்பிக்கப்பட்ட பயிற்சி என்ற பற்று அவர்களுக்கு உண்டு. கம்போங் திடல்களில் ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் குடும்பத்தோடு வந்து எய்கிறார்கள். நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பழகிய திடலில் என்னை யாரும் என்ன இனம் என்று கேட்டதில்லை. "வயது என்ன, தோள்பட்டை வலி உண்டா?" என்று மட்டும் கேட்டார்கள்.

மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகள் இந்த விளையாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் கழற்றி மாட்டும் மரவில்லோடு தொடங்க வேண்டும். அதற்கான காரணத்தைச் சேரன் கொடியில் தேட வேண்டாம். வில்லில் இருக்கும் இரண்டு மரையாணிகளில் இருக்கிறது.

செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மரையாணியைப் பார்த்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். இந்த வில்லைச் செய்து கொடுத்தவர் அலோர் காஜா பக்கம் வீட்டின் பின்புறத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மலாய் அன்பர். அவரை நான் 'அபாங்' என்கிறேன், அவர் என்னை 'அண்ணே' என்கிறார். நடுவில் இருப்பது கைப்பிடிக் கட்டை, ரைசர் என்பார்கள். மேலும் கீழும் மாட்டுகிற வளையும் பட்டைகள் லிம்ப். ரைசர் மெர்பாவ் மரம். அதன் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிய கோடு ஓடுகிறது, அது ரப்பர் மரம். மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகளிலிருந்து வந்த துண்டாம். என் அப்பா ஆயுள் முழுக்கச் சீவிய மரம் என்று நான் சொன்னதும், "அப்படியென்றால் விலையைக் கூட்டியிருக்க வேண்டும்" என்றார் மனுஷன். கூட்டாமலேயே ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது என்பது வேறு கதை.

லிம்ப்புக்குள் மூங்கில் பட்டை, இரு பக்கமும் கண்ணாடியிழை, நடுவே எபோக்சி பசை. இவற்றை அச்சின் மேல் அடுக்கி அழுத்திக் கட்டி, சூட்டுப் பெட்டியில் வைத்து இறுக வைக்கிறார். பிறகுதான் உண்மையான கைவேலை. இரண்டு லிம்ப்பும் ஒரே அளவாக வளைகின்றனவா என்று பார்த்து, ஓரத்தை மயிரிழை மயிரிழையாகத் தேய்க்க வேண்டும். அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலுமாக நாணை இழுக்கிறவருக்குக் கீழ் லிம்ப் ஒரு துளி விறைப்பாக இருக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மேலே நாணுக்கும் லிம்ப்புக்கும் உள்ள இடைவெளி கீழே உள்ளதைவிட எட்டில் ஒரு அங்குலம் கூட. கையால் தேய்த்து இந்தக் கணக்கைக் கொண்டுவருவது லேசில்லை.

பூட்டுவதற்கு ஸ்பேனர் வேண்டாம், கைமுறுக்கே போதும். லிம்ப்பின் அடிப்பகுதி பள்ளத்தில் உட்கார, சிறிய ஊசி ஒன்று அதை நேராக்க, ஆணி பிடித்துக்கொள்கிறது. மொத்த நீளம் அறுபத்திரண்டு அங்குலம். கழற்றிவிட்டால் எந்தத் துண்டும் இரண்டடியைப் பெரிதாகத் தாண்டாது. கப்சாய் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் பையோடு வைத்துக்கொண்டு போய்விடலாம்.

புது வில் முதலில் சத்தம் போட்டது. அம்பு போன பிறகும் நாண் லிம்ப்பில் 'படக்'கென்று அடித்தது. நாணைக் கழற்றி, முறுக்கைக் கூட்டி மறுபடி ஏற்றினேன். முறுக்கினால் நாண் குட்டையாகும், கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி கூடும். ஏழு அங்குலத்திலிருந்து ஏழேமுக்காலுக்கு வந்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அடுத்தது அம்பு. திடலில் இரவல் வாங்கிய கார்பன் அம்புகள் எல்லாம் இடப்பக்கமாகவே போய் விழுந்தன. வலக்கைக்காரன் எய்யும் அம்பு வில்லின் பலத்துக்கு மீறி விறைப்பாக இருந்தால் அப்படித்தான் போகும். நெகிழ்வான அம்பில் கனமான முனையை மாட்டியதும் வட்டத்துக்குள் வந்துவிட்டது. வில்லைக் குறை சொல்வதற்கு முன் அம்பைச் சந்தேகப்படு என்று திடலில் அடிக்கடி சொல்வார்கள். வாங்கிய பொருளைவிட இரவல் பொருளைச் சந்தேகப்படுவது மனசுக்கும் வசதிதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி எனக்குத் தடிமன். பெருவிரல் பள்ளத்தில் ஓர் ஓரம் கூர்மையாக இருந்தது, அதை நானே உப்புத்தாளால் மழுக்கினேன். வார்னிஷ் பளபளப்பு வேறு, வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம், இந்த ரைசரில் அவர் செய்த லிம்ப் மட்டுமே பொருந்தும். போட்டி வில்கள் பலவற்றில் எந்தக் கம்பெனி லிம்ப்பையும் எந்த ரைசரிலும் மாட்டுகிற பொதுப் பொருத்தம் உண்டு. கைவேலை வில்லில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், கைவேலை வில் வாங்குகிறவர்கள் செய்பவர் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து அழகான வில்லை வரவழைத்துவிட்டு, லிம்ப் பிளந்தால் கப்பல் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிற நிலை நமக்கு வேண்டாம். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போனால் பசை விட்டுப்போகும். இது எந்த நாட்டு வில்லுக்கும் பொருந்தும்.

கழற்றி மாட்டும் வில் ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் கொம்பு, மரம், நரம்பு மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்த வில்களே உயர்ந்தவை. ஆனால் மழைக்கால ஈரம் அவற்றுக்கு ஆகாது. அதனால் எஃகிலும் வில் செய்தார்கள். வேகம் குறைவு, ஆனால் ஆயுதக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தாலும் கெடாது. அவற்றில் சில வில்கள் கைப்பிடியில் திருகிக் கழற்றினால் இரண்டாகப் பிரியும். 18, 19-ஆம் நூற்றாண்டு வில்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. எந்த ஊர்க் கொல்லனோ, என் சாதிக்காரன், திருகாணி புத்தி உள்ளவன்! ஒலிம்பிக்கில் வில்வித்தை நெடுங்காலம் விடுபட்டு 1972-இல் மியூனிக்கில் திரும்பி வந்தது. இப்போது அங்கே வரிசையாக நிற்பவர்கள் கையில் இருப்பதெல்லாம் கழற்றி மாட்டும் வில்தான்.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, நம் ஆட்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போன பிறகு, தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. காற்பந்துக் குழுவுக்குப் பதினொரு பேர் தேற்றுவதே பாடாகிற பள்ளி உண்டு. ஆனால் திடல் இருக்கும். பழைய தோட்டத்துத் திடல், நல்ல அகலமாக, ஓரத்தில் மண்மேடோடு. வில்லுக்குக் குழு தேவையில்லை, ஐந்து பேர் போதும், ஒருவரே ஆனாலும் போதும். ஆணும் பெண்ணும் ஒரே கோட்டில் நிற்கலாம். ஓடத் தெரியாத குண்டுப் பையனும் நிற்கலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் எய்யலாம். 2019-இல் நெதர்லாந்தில் நடந்த உலகப் பாரா வில்வித்தைப் போட்டியில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் சுரேஷ் செல்வத்தம்பி. அந்தப் பெயரை நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

மரையாணியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றைத் துண்டு வில் வாங்கினால் பிள்ளை வளர வளர வேறு வில் வாங்க வேண்டும். கழற்றும் வில்லில் ரைசரை வைத்துக்கொண்டு லிம்ப்பை மட்டும் மாற்றலாம். காலையில் மூன்றாம் ஆண்டு மாணவி பன்னிரண்டு பவுண்டு லிம்ப்பில் எய்த அதே ரைசரில், அடுத்த மணி ஆறாம் ஆண்டுப் பையன் பதினெட்டை மாட்டிக்கொள்ளலாம். ஒரு கணக்கையும் கவனிக்க வேண்டும். லிம்ப்பில் எழுதியிருக்கும் பவுண்டு, நாணை இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் வரும் பாரம். சின்னக் கை இருபத்திரண்டு அங்குலம்தான் இழுக்கும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் பாரம் குறையும். ஆகவே இருபது என்று எழுதிய லிம்ப் பிள்ளையின் கையில் பதினைந்தைக்கூடத் தொடாது. அதுவே நல்லது. தமிழ்ப்பள்ளி வயதுக்குப் பதினைந்து பவுண்டுக்கு மேல் எதற்கு? பிள்ளைக்கு உயரம் குறைந்த சின்ன வில் வேண்டும், என் அறுபத்திரண்டு அங்குலம் ஆகாது. ஐம்பத்து நாலு அங்குலத்தில் செய்ய முடியுமா என்று அபாங்கைக் கேட்டேன். "அச்சு ஒன்று புதிதாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

எங்கள் ஆண்களுக்குத்தான் இந்தப் பவுண்டு விஷயம் புரிய மாட்டேன் என்கிறது. திடலுக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் நேரே நாற்பத்தைந்து பவுண்டு வில்லைத் தூக்கினான். ஜிம்முக்குப் போகிற உடம்பு. இழுத்தான், முகத்துக்குக் கொண்டுவந்தான், அங்கே நிறுத்த முடியாமல் கை நடுங்கி விட்டுவிட்டான். அம்பு சாக்கையே தொடவில்லை. கனத்த வில்லில் கற்றவன் தப்பாக இழுப்பதைக் கற்றுக்கொள்கிறான். பிறகு அதை மறக்க வைப்பதற்குள் தோள் போய்விடும். சங்ககாலத்துக் கொல்லிமலைத் தலைவன் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. கொல்லிமலையில் ஆடி மாதம் அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. அந்த அம்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் அவன் சின்ன வயதில் எத்தனை பவுண்டில் தொடங்கியிருப்பான் என்று யோசிப்பதில்லை.

பள்ளி ஆண்டு விழாக்களில் இராமர் வேடம் போட்ட பிள்ளை ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டை வில்லை முறிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கரூர்ப் பக்கம் கிடைத்த சேரர் காசில் வில்லும் அம்பும் பொறித்திருக்கிறது என்று பேச்சுப் போட்டியில் ஒப்பிக்கிறான் இன்னொரு பிள்ளை. இருவருக்கும் உண்மையான நாணைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பே இல்லை. பக்கத்துக் கம்போங் பிள்ளைக்கு இருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் இதைப் பேசியபோது ஓர் அம்மா எழுந்து, "கண்ணுல பட்டா யாருங்க பொறுப்பு?" என்றார். சரியான கேள்வி. பதில் ஒழுங்கில் இருக்கிறது. எய்பவர்கள் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். விசில் ஊதும் வரை அம்பை நாணில் வைக்கக் கூடாது. எல்லாரும் வில்லைக் கீழே வைத்த பிறகுதான் அம்பெடுக்கப் போக வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, லிம்ப் பிளந்துவிடும். சாக்குக்குப் பின்னால் மண்மேடும் அதற்கு முன்னால் வலையும் வேண்டும். தூரம் பத்து மீட்டர். இதை ஓர் ஆசிரியர் முறையாகக் கற்றுவந்து நடத்த வேண்டும். யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற அண்ணன்மார் தயவுசெய்து வேண்டாம்.

செலவுக்கும் வழி இருக்கிறது. மூன்று ரைசர், ஆறு சோடி லிம்ப், இரண்டு டஜன் அம்பு, கைக்காப்பு, வலை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே தொகுதியை வைத்துக்கொள்ளலாம். கழற்றினால் பைக்குள் அடங்குகிற பொருள்தானே, திங்கட்கிழமை ஜாசினில், புதன்கிழமை மெர்லிமாவில் என்று காரில் போகட்டும். விளையாட்டு விழாவுக்கு வாங்குகிற பிளாஸ்டிக் கிண்ணங்களை ஓராண்டு நிறுத்தினால் பாதிப் பணம் வந்துவிடும். மீதியை முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். கோவில் திருவிழாப் பட்டாசுக்குக் கொடுக்கிற கை இதற்கும் கொடுக்கும்.

பணம் சேரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி முடிச்சுப் போட்டால், இழுப்பதையும் தாடையில் நிறுத்துவதையும் தோளை இறக்கிவைப்பதையும் அதிலேயே பழக்கலாம். முதல் மாதம் அதுவே போதும்.