பழைய கேமராவுக்குப் பழைய ஃப்ளாஷ்தான் என்று யார் சொன்னது?

ஃபிலிம் கேமரா பிரியர்களிடம் ஒரு விசித்திரமான பக்தி உண்டு. கேமரா 1976-ஆம் வருடத்து மாடல் என்றால் அதற்கு வைக்கும் ஃப்ளாஷும் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டுமாம். புது வயர்லெஸ் ஃப்ளாஷ் வைத்தால் ஒன்று கேமரா எரிந்துவிடுமாம், இல்லாவிட்டால் படத்தின் 'ஆத்மா' போய்விடுமாம். இன்னொரு பக்கம் கடைக்காரர்கள். 'டிடிஎல் சார், எல்லாம் ஆட்டோமேடிக்' என்று விலை கூடிய ஃப்ளாஷைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன், பரணில் கிடந்த கேமராவைத் துடைத்து எடுத்து, கைக்காசில் ஒரு ரோல் வாங்கிய மாணவன். மொத்தமே 36 படம். பாதி கருப்பாக வந்தால் ரோல் காசோடு கழுவிய காசும் போச்சு.

உண்மை ரொம்ப எளிது. பழைய ஃபிலிம் கேமராவுக்குச் சரியான ஜோடி, மேனுவல் மட்டும் உள்ள மலிவான வயர்லெஸ் ஃப்ளாஷ். மற்றதெல்லாம் வீண் செலவு.

முதலில் அந்த 'எரிந்துவிடும்' கதை. இது தலைகீழாகப் பரவிய எச்சரிக்கை. 70-களில் வந்த சில ஃப்ளாஷ்களின் டிரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பெயர்பெற்ற விவிடார் 283-இன் ஆரம்பகாலப் பிரதிகள் அப்படித்தான். அதைக் கொண்டுபோய் இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் கேமராவுக்கு ஆபத்து. அதனால் வந்த எச்சரிக்கை அது. புது ஃப்ளாஷில் இருப்பது சில வோல்ட்தான். பழைய மெக்கானிக்கல் கேமராவுக்குள் இருப்பதோ இரண்டு உலோகத் துண்டுகள். ஷட்டர் முழுதாகத் திறந்ததும் அவை ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். வீட்டு காலிங்பெல் சுவிட்ச் மாதிரி. சுவிட்சுக்கு அந்தப் பக்கம் பல்பு இருக்கிறதா ரேடியோ டிரிகர் இருக்கிறதா என்று அதற்கு என்ன தெரியும்?

அடுத்தது டிடிஎல். வணிகவியல் பாஷையில் சொன்னால், இது பயன்படுத்தவே முடியாத சொத்துக்குப் பணம் போடுவது. ஃபிலிம் காலத்திலும் டிடிஎல் இருந்தது. 1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, ஃபிலிமின் மேல் விழுந்து திரும்பும் ஒளியை அளந்து, போதும் என்றதும் ஃப்ளாஷை அணைத்துவிடும். இன்றைய டிஜிட்டல் டிடிஎல் வேறு ஜாதி. படம் எடுப்பதற்குக் கண நேரம் முன்னால் ஒரு சின்ன மின்னல் அடித்து, அதை அளந்து, பிறகு கணக்குப் போடுகிறது. பென்டாக்ஸ் கே1000-இன் ஹாட் ஷூவில் இருப்பது நடுவில் ஒரே ஒரு முனை. 'இப்போது அடி' என்று சொல்ல மட்டும்தான் அதற்குத் தெரியும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாது. அப்படியிருக்க, கேட்க மட்டும் தெரிந்த புத்திசாலி ஃப்ளாஷை வாங்கி என்ன பிரயோஜனம்? ஹைஸ்பீட் சிங்க்கும் இதே கதைதான். அதற்கும் கேமரா பேச வேண்டும்.

'சரி, அளவை யார் சொல்வது?' என்று கேட்பீர்கள். நீங்கள்தான். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போதும். ஃப்ளாஷின் கைடு நம்பர் 36 (மீட்டரில், ஐஎஸ்ஓ 100-க்கு), ஆள் நிற்பது 4.5 மீட்டரில் என்றால், 36-ஐ 4.5-ஆல் வகுக்க எஃப்/8. 400 ஃபிலிம் என்றால் கைடு நம்பர் இரட்டிப்பாகும், எஃப்/16. ஒன்று மட்டும் கவனம்: பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் கைடு நம்பர் பெரும்பாலும் ஃப்ளாஷின் ஜூமை முழுக்க நீட்டி அளந்தது. உங்கள் லென்ஸுக்கு ஏற்ற ஜூமில் அது குறையும்.

குடையில் அடித்தோ சுவரில் அடித்தோ எடுத்தால் இந்தக் கணக்கு உதைக்கும். அப்போது ஒரு டிஜிட்டல் கேமராவில் அதே ஐஎஸ்ஓ, அதே அப்பெர்ச்சர், அதே ஷட்டர் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம். உடனே பக்தர்கள் 'இது ஏமாற்று' என்பார்கள். ஐயா, ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் ஹாசல்பிளாட் கேமராவின் பின்னால் போலராய்டு மாட்டி முதலில் சோதித்துப் பார்த்தது என்னவாம்? அதுவும் ஏமாற்றா?

எல்லாமே சுலபம் என்று சொன்னால் அது பொய். ரோலைக் காவு வாங்கும் இடங்கள் சில உண்டு.

1. ஷட்டர் வேகம். கே1000-க்கு 1/60-க்கு மேல் போகக்கூடாது. போனால் படத்தின் ஒரு பகுதி கருப்பாகிவிடும். நிகான் எஃப்எம்2 1982-இல் 1/200 வரை வந்தது, பிறகு 1/250. ரேடியோவுக்கும் துளி தாமதம் உண்டு என்பதால் எல்லையிலிருந்து ஒரு படி கீழே நிற்பது நல்லது.

2. எம், எக்ஸ் என்ற குமிழ். யாஷிகா மேட்-124ஜி போன்றவற்றில் இருக்கும். எம் என்பது பழைய ஃப்ளாஷ் பல்புக்கு. பல்பு பற்றி எரிய நேரம் வேண்டும் என்பதால் ஷட்டர் திறப்பதற்கு முன்பே அடித்துவிடும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷை எம்-இல் வைத்தால் ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் போயே போய்விட்டிருக்கும். எப்போதும் எக்ஸ்.

3. ஷூ. நிகான் எஃப்3, 1988-க்குப் பிறகு வந்த பல மினோல்டாக்கள் போன்றவற்றின் ஷூ வேறு வடிவம். அடாப்டரோ ஒயரோ வேண்டும்.

4. தூக்கம். டிரிகர் தானாகத் தூங்கிவிடும். பழைய கேமராவுக்கு அதை எழுப்பத் தெரியாது. பவர் சேவிங்கை அணைத்துவிடுங்கள்.

5. உச்சிவெயில். 400 ஃபிலிமோடு 1/60-இல் நின்றால் எஃப்/22-கூடப் போதாது. வேகம் குறைந்த ஃபிலிமோ இருட்டுக் கண்ணாடி ஃபில்டரோ தேவை. யாஷிகா மேட் மாதிரி லீஃப் ஷட்டர் கேமராவுக்கு இந்தக் கவலை குறைவு, 1/500 வரை சிங்க் ஆகும்.

பழைய ஃப்ளாஷுக்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்க வேண்டாம். விவிடார் 283 தன் கண்ணாலேயே வெளிச்சத்தை அளந்து நிறுத்தும், எந்தக் கேமராவானாலும். கேமரா மேலேயே வைத்து ஓடி ஓடி எடுப்பவருக்கு அது இன்றும் நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்கு ஐம்பது வயது. அது காய்ந்திருந்தால், சரிசெய்கிறேன் பேர்வழி என்று திறப்பவருக்குச் சுமார் 300 வோல்ட் காத்திருக்கிறது.

கடைசியாக அந்த 'ஆத்மா'. 1976-இல் கே1000 வாங்கியவர் 1930-களின் ஃப்ளாஷைத் தேடி அலையவில்லை. அன்றைக்குப் புதிதாக என்ன கிடைத்ததோ அதைத்தான் மாட்டினார். நேர் எதிரே அடித்த ஃப்ளாஷில் முகம் தட்டையாகி, கண் சிவந்து வந்த படங்கள் வீட்டு ஆல்பங்களில் எத்தனை? அந்த ஃப்ளாஷை இரண்டடி பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால் மூக்குக்கு நிழல் வந்திருக்கும், முகத்துக்கு உயிர் வந்திருக்கும். அதைச் செய்ய அன்று நீண்ட ஒயர் வேண்டியிருந்தது. இன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிரிகர் போதும்.

படத்துக்கு உயிர் வெளிச்சம் வரும் திசையில் இருக்கிறது. ஃப்ளாஷின் பிறந்த தேதியில் இல்லை. பழசைப் பூஜை செய்யும் காசில் இன்னும் இரண்டு ரோல் வாங்குங்கள், சுட்டுப் பழகுங்கள்.