நரம்புத் தூண்டி வைத்தபின் இரத்தம் ஏன் கட்டுகிறது?

திடீரென்று சிறுநீர் முட்டுவதும், கழிவறைக்குப் போவதற்குள் கசிந்துவிடுவதும் பலர் வெளியே சொல்லாத தொல்லை. மாத்திரையும் பயிற்சியும் பலன் தராதபோது நரம்புத் தூண்டி பொருத்தலாம். 1980களில் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவர்கள் டனாகோவும் ஷ்மிட்டும் வளர்த்தெடுத்த முறை இது. அமெரிக்க அரசு 1997இல் ஒப்புதல் தந்தது.

முதுகுத்தண்டின் அடியில் இருப்பது திருவெலும்பு. அதன் மூன்றாவது துளை வழியாகச் சிறுநீர்ப்பையை ஆளும் நரம்பு ஒன்று வருகிறது. மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்த்தபடி பின்பக்கமாக ஊசி செலுத்தி, நரம்பருகே மெல்லிய கம்பியை வைக்கிறார். சில நாள் சோதனையில் பலன் தெரிந்தால், புட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் இடம் பிரித்துக் கருவியைப் புதைக்கிறார்.

இரத்தம் பெரும்பாலும் கசிவது இந்தக் கருவி இருக்கும் இடத்தில்தான். கொழுப்பைப் பிரிக்கையில் சிறு நாளங்கள் அறுபடும். கசிவு அங்கேயே தேங்கினால் இரத்தக்கட்டு. இன்னோர் இடம் திருவெலும்பின் முன்புறச் சிரைகள். ஊசி ஆழம் மிஞ்சினால் அவை காயப்படலாம். இது மிக அரிது. ஆனால் வீக்கம் வெளியே தெரியாது. அடிவயிற்று வலி, தலைசுற்றல், உடல் வெளிறுதல் என்றே காட்டும்.

மேருவிலும் கிள்ளானிலும் உள்ள நம்மவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4. இனிப்புநீர் சிறுநீர்ப்பை நரம்பையும் கெடுக்கும், இதய நாளத்தையும் கெடுக்கும். ஆகவே இச்சிகிச்சைக்கு வருபவரே ஆஸ்பிரினோ, குளோபிடோகிரெலோ, வார்ஃபரினோ உண்பவராக இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் 'ஊபாட் சாயிர் டாரா' என்பார்களே, இரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் அந்த மருந்துகள்தான் இவை; இவற்றால் கசிவு கூடும். மீன் எண்ணெய், ஜிங்கோ போன்றவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். கடையில் வாங்கியது மருந்தில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் அதுவே அடைபடலாம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுப்பார்கள். சில வேளை அறுவையைத் தள்ளிவைப்பதே நல்லது. இது அவசர அறுவையன்று.

சிறிய கட்டு சில வாரங்களில் தானே கரையும். ஊசி குத்தி உறிஞ்சினால் கிருமி நுழையலாம். கிருமி பிடித்தால் கருவியையே எடுக்க நேரும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, கால் தளர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.