வேதாரண்யத்துக்கு வேண்டியது

1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளில் புயல்களும், 2004இல் சுனாமியும் தாக்கிய கரை வேதாரண்யம் பகுதி. தாழ்வான நிலம், அடுத்த புயலும் வரத்தான் போகிறது. 2018இல் வந்த கஜா புயலின்போது மக்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்றதால் பல உயிர்கள் தப்பின. ஆனால் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன, உப்பளங்கள் பாழாயின. புதிதாக நட்ட தென்னை காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தென்னையை நம்பிய குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? உயிரைக் காக்கக் கற்றுக்கொண்ட நாம் பிழைப்பைக் காக்க இன்னும் கற்கவில்லை. ஒருமுறை தரும் நிவாரணம் போதாது. கூரை வீடுகளுக்குப் பதில் உறுதியான வீடுகள், சிறு விவசாயிக்கும் எட்டும் தென்னைக் காப்பீடு, உப்பளத் தொழிலாளிக்கு புயலால் வேலை இழக்கும் நாட்களுக்கான உதவித்தொகை, அருகிலுள்ள முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றை அடுத்த புயலுக்கு முன்பே அரசு செய்து முடிக்க வேண்டும்.