மத்யனில் ஒரு நேர்முகம், சென்னையில் ஒரு நேர்முகம்

 

திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்தை நம்பிக் கடை நடத்தும் குடும்பங்கள் நம்மில் பல. அந்த ஓரிரு நாள் வியாபாரத்தைக் கொண்டு மாதம் முழுவதும் வாழ இயலாதபோது, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து வளைகுடாவுக்கு வழி பார்க்கிறோம். அதில் குற்றமில்லை. ஹலாலான ரிஸ்க்கைத் தேடிப் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் அப்பயணத்தின் முதல் வாசலிலேயே நம் பிள்ளைகள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதை நாம் பேசியே ஆகவேண்டும்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர், ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன். வெளிநாட்டு வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று ஏஜெண்ட் அழைத்ததால், ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் பேருந்து ஏறிச் சென்னை சென்றார். ஒரு லாட்ஜின் மாடியில் காலை முதல் அஸர் வரை காத்து நின்றார். ஜும்ஆவுக்குச் சென்றுவர அனுமதி கேட்டபோது, "போனால் உன் முறை போய்விடும்" என்றார்கள். சொன்னவர் நம்மவர். ஸலாம் சொல்லிவிட்டுத்தான் அதையும் சொன்னார்.

உள்ளே தொழிலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கைகளை நீட்டச் சொன்னார்கள். திரும்பி நிற்கச் சொன்னார்கள். சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்று அவர் கேட்டதற்குச் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் கொண்டுவரச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு மீண்டும் சிரிப்பு.

இதை நேர்முகத் தேர்வு என்பதா? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்கூட விலையைத் தன் மடியிலிருந்து கொடுக்கிறான். இங்கோ விற்கப்படுபவனே விலையையும் கொடுக்கிறான்!

அந்நிய நாட்டில் வேலைக்கு அமர்ந்த ஒருவரின் வரலாறு அல்குர்ஆனில் இருக்கிறது (28:23-28). மிஸ்ரிலிருந்து உயிருக்கு அஞ்சி வந்த மூஸா (அலை) மத்யனில் அந்நியர், கையில் ஏதுமில்லாதவர். அவரை அழைத்த பெரியவர், ஆடுகளுக்கு நீர் புகட்டியதற்கான கூலியைத் தரவே முதலில் அழைத்தார். அவருடைய கதையைக் கேட்டார். அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் கூறினார். வேலைக்கான தகுதியாக அங்கே பேசப்பட்டவை இரண்டே: வலிமை, நம்பகத்தன்மை. வேலைக்காலம் எட்டு ஆண்டுகள் என்றும், பத்தாக்குவது மூஸாவின் விருப்பம் என்றும், அவரைச் சிரமப்படுத்தும் எண்ணம் தமக்கில்லை என்றும் பெரியவர் வெளிப்படையாகச் சொன்னார். மூஸா (அலை) வாய்மூடி நிற்கவில்லை. இவ்விரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது குற்றமில்லை என்பதை உறுதிசெய்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார். நிபந்தனை கேட்பது அடக்கமின்மை என்றால், ஒரு நபி அதைச் செய்திருப்பாரா?

நாட்டின் சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கக் கூடாது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் (ஜி.எஸ்.டி. தனி) வாங்கக் கூடாது, வாங்கியதற்கு ரசீது தரவேண்டும். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. ஏஜெண்டின் மேசை இழுப்பறையில் அடகுப் பொருளாய்க் கிடப்பதற்கு உரியதன்று.

"இதையெல்லாம் கேட்டால் வாய்ப்புப் போய்விடும்" என்று நம்மில் சிலர் கூறுகின்றனர். கேள்வி கேட்டதால் போகும் வாய்ப்பு, கேளாமல் சென்றவனை எங்கே கொண்டு நிறுத்தும்? தாய்லாந்தில் வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் சிறைவைக்கப்படுவதாக 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அவர்கள் படிக்காதவர்கள் அல்லர், கணினி அறிந்தவர்கள். மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தனர்.

ஏஜெண்டைக் குறை கூறுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. அந்த இளைஞர் வீடு திரும்பியபோது, "ஏன் வாயைத் திறந்தாய்?" என்று கடிந்துகொண்டவர்கள் நாம். தாயின் நகையை அடகு வைத்து அந்த ஒன்றரை லட்சத்தைத் திரட்ட முனைந்தவர்களும் நாமே. சுதந்திரமான மனிதனை விற்று அந்த விலையைத் தின்பவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த விற்பனைக்கு நம் கையாலேயே பணம் எண்ணிக் கொடுக்கலாமா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் படித்த இருவரை இதற்கென நியமிக்கட்டும். பயணம் போகும் பிள்ளையின் ஏஜெண்ட் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, பணம் கொடுக்கும் முன் அவர்கள் படித்துச் சொல்லட்டும். பெற்றோர்களே, சம்பளமும் வேலை நேரமும் கேட்டு எழுத்தில் பெறாமல் கையெழுத்திடாதே என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் போராடித் திரும்பப் பெற்றார். இன்று நம் ஊரிலேயே வயரிங் வேலை செய்கிறார். வருமானம் குறைவுதான், ஜும்ஆவுக்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத்தையும் அவர்கள் நடையில் கண்ணியத்தையும் அல்லாஹ் தருவானாக! ஆமீன்.