இந்த போன்ல இருந்து செல்லுக்குப் போகாதாம்!

"ஐயா, இந்த போன்ல இருந்து செல்லுக்குப் போகாது. நீங்களே அப்புறமா கூப்பிடுங்க."

கிராமத்துல இருந்து ஒரு ஆபீசுக்கு போன் பண்ணின யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலைக் கேட்டிருக்கேன்னுதான் சொல்வாங்க. ஏதோ கம்பி அறுந்து போன மாதிரி சொல்றாங்க. கம்பி நல்லாத்தான் இருக்கு. போகாதபடி பூட்டி வெச்சிருக்காங்க. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர் அந்த மாதிரி ஆபீஸ்லதான் வேலை பாக்குறீங்க. சாவி உங்க பக்கம் இருக்கு. அதனாலதான் எழுதுறேன்.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் திருப்பூர்ல ஈபிஏபிஎக்ஸ் பெட்டி மாட்டுற வேலை பாக்குறான். அவன் விளக்கமா சொன்னான். வெளியில இருந்து வர்ற அழைப்பை யார் மேசைக்கு அனுப்பணும்னு பிரிக்கிறது அந்தப் பெட்டியோட ஒரு வேலை. உள்ள இருக்கிறவங்க எந்த நம்பர் வரைக்கும் போடலாம்னு கட்டுப்படுத்துறது இன்னொரு வேலை. ஒவ்வொரு மேசை போனுக்கும் ஒரு அளவு குறிச்சு வெப்பாங்களாம்: ஆபீசுக்குள்ள மட்டும், உள்ளூர் மட்டும், எஸ்டிடி வரைக்கும், வெளிநாடு வரைக்கும். மேனேஜர் மேசைக்கு எல்லாம் திறந்திருக்கும். நம்ம பைலைக் கையில வெச்சிருக்கிற கிளார்க்குக்கு உள்ளூரோட சரி.

இந்தப் பூட்டுக்கு ஒரு காலத்துல நியாயம் இருந்துச்சு. 1960ல கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவுல முதல் எஸ்டிடி வந்துச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் வெளியூர் பேசுறதுன்னா காசு. ராத்திரி கட்டணம் குறையட்டும்னு எஸ்டிடி பூத் வாசல்ல காத்துக் கிடந்தவங்க நாம. எஸ்டிடிக்கு முன்னாடி பூஜ்யம் போடணும். பூஜ்யத்தைப் பூட்டினா செலவு நிக்கும். சரிதான்.

இப்ப கதையே வேற. 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல இருந்து எந்த செல்லுக்குப் பேசினாலும், அது பக்கத்துத் தெருவுல இருந்தாலும், முன்னாடி பூஜ்யம் போட்டாகணும். எல்லா லேண்ட்லைனுக்கும் பூஜ்யம் போடுற வசதியைக் கொடுங்கன்னு தொலைத்தொடர்புத் துறையே கம்பெனிகளுக்குச் சொல்லிடுச்சு. ஆனா ஆபீசுக்குள்ள இருக்கிற பெட்டியை அந்த உத்தரவு தொடாது. அதை ஆபீஸ்காரங்கதான் திறக்கணும். திறக்காத இடத்துல, எஸ்டிடியைத் தடுக்கிறதா நெனச்சுக்கிட்டு அந்தப் பழைய பூட்டு செல் வெச்சிருக்கிற அத்தனை பேரையும் தடுக்குது. எங்க தெருவுல ஒரு வீட்லயும் லேண்ட்லைன் இல்லை. மாசக் கட்டணம் கட்டிட்டு எவ்வளவு வேணா பேசலாம்னு திட்டம் விக்கிற காலத்துல இந்தப் பூட்டு யார் காசைக் காப்பாத்துது?

வெளிய போறதுக்குப் பூட்டுன்னா, உள்ள வர்றதுக்குச் சந்து சந்தா வெச்சிருக்காங்க. தமிழுக்கு இரண்டை அழுத்தவும். பயிர்க் கடனுக்கு நான்கை அழுத்தவும். விண்ணப்ப எண்ணைப் பதிவு செய்யவும். அப்புறம் பாட்டு. கையெல்லாம் சேறா நிக்கிறவன், கண்ணு மங்கின கிழவி, எப்படிங்க அவ்வளவு நீள எண்ணை அழுத்துவாங்க? ஒண்ணு தப்பினா மறுபடி முதல்ல இருந்து.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்காதீங்க. பிரதமர் பயிர்க் காப்பீட்டுல, அறுவடை பண்ணிக் காயப் போட்ட பயிர் பருவம் தவறின மழையில கெட்டா 72 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். கடிகாரம் எங்களுக்கு மட்டும்தான் ஓடுது. அரை மணி நேரம் பாட்டு கேட்டு, ஆள் கிடைச்சு, "விசாரிச்சுச் சொல்றோம்"னு சொன்னா, அந்த ஆள் எனக்குத் திருப்பிப் போட முடியாது. ஏன்னா அவர் மேசையில பூட்டு. சனி, ஞாயிறு நடுவுல வந்தா முடிஞ்சுது.

அமெரிக்காவுல ஸ்ட்ரோஜர்னு ஒருத்தர், சவ அடக்கம் பண்ற தொழில்காரர். எக்ஸ்சேஞ்சுல இருந்த அம்மா தனக்கு வர்ற அழைப்பைப் போட்டிக் கடைக்குத் திருப்பி விடுறாங்கன்னு கோபப்பட்டுதான் தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடிச்சார்னு சொல்வாங்க. 1891ல காப்புரிமை வாங்கினார். நடுவுல நின்னு தடுக்கிற ஆளை விலக்க வந்த மெஷின், இன்னிக்குத் தானே நடுவுல நின்னு தடுக்குது.

எல்லாத்தையும் திறந்து விடுங்கன்னு நான் சொல்லலை. வெளிநாட்டு அழைப்பைப் பூட்டுங்க. பெட்டிக்குள்ள புகுந்து உங்க செலவுல வெளிநாட்டுக்குப் பேசுற திருட்டு உண்மையாவே நடக்குது. அழைப்பைப் பிரிக்கிறதும் தப்பில்லை. 2004ல ஆரம்பிச்ச கிசான் கால் சென்டர், 1800-180-1551, அதுவும் பிரிச்சுத்தான் அனுப்புது. ஆனா காலையில 6 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் அவங்கவங்க மொழியில பதில் சொல்ல ஆள் வெச்சிருக்காங்க. ஆள்கிட்ட சேக்கிறதுக்குப் பிரிக்கிறது வேற, ஆளை மறைக்கிறதுக்குப் பிரிக்கிறது வேற.

நான் கேக்கிறது ரெண்டுதான். முதல் குரலிலேயே, ஆள்கிட்ட பேச ஒரு பட்டன் சொல்லுங்க. ஜனங்களோட வேலை பாக்குற மேசைக்கு செல் நம்பரைத் திறந்து விடுங்க. பெட்டியை மாத்த வேண்டாம், குறிச்சு வெச்ச அளவை மாத்தினா போதும், சில நிமிஷ வேலைன்னு அந்தப் பையன் சொல்றான்.

நாளைக்கு ஆபீஸ் போனதும், உங்க மேசை போன்ல இருந்து உங்க செல்லுக்கே ஒரு தடவை போட்டுப் பாருங்க. மணி அடிக்கலைன்னா, பெட்டியைப் பாத்துக்கிறவரை அன்னிக்கே கூப்பிடுங்க. அவர் உங்க உள் நம்பர்ல கிடைப்பார். எங்களுக்குத்தான் கிடைக்க மாட்டார்.