பங்கில்லாத பகிர்வு

பகிர்வது என்றால் என்ன என்று நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கையில் இருக்கிற அதிரசத்தை இரண்டாகப் பிட்டு, உனக்குப் பாதி, எனக்குப் பாதி. உன் பாதியை நீ தின்றாலும் சரி, காக்கைக்குப் போட்டாலும் சரி, என் பாதி என் கையில் இருக்கும். நமது பாகப் பத்திரங்கள் எல்லாம் இந்த ஒரு நம்பிக்கையின்மேல் எழுதப்பட்டவைதாம். அண்ணனும் தம்பியும் வாய்க்கால் வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போய் இருவருமே ஆண்டியானதுண்டு; ஆனால் 'பங்கு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குள் வழக்கு வந்ததில்லை.

இந்த நல்ல சொல்லைத்தான் கிளவுட் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் ஒரு பொத்தானின்மேல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'பகிர்' என்கிறது அந்தப் பொத்தான். அழுத்திப் பாருங்கள். எதுவும் பங்காகிறதில்லை; யாருக்கும் ஒரு பாகமும் கிடைப்பதில்லை. இருப்பது ஒரே பிரதி. அந்த ஒரே பிரதியின்மேல் பத்துப் பேர் கைவைக்கலாம் என்று அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். பத்தில் ஒரு கை தவறினால் பத்துப் பேருக்கும் போயிற்று. இதற்குப் பகிர்வு என்று பெயர் வைத்தவனைச் சொற்குற்றத்துக்காக மட்டும் நான் விட்டுவிடத் தயார். பொருட்குற்றமும் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 1961-லிருந்து 1964 வரை சில வாலிபர்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மாதம் ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றிவரும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குத் தரவேண்டும். கதை, கவிதை, ஊர் வம்பு, கார்ட்டூன் எல்லாம் உண்டு. எழுதியவர்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அத்தனை இதழ்களையும் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி வந்தார். தொட்டால் பொடிப்பொடியாக உதிரும் காகிதம். 2021-ல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்தோம். மொத்தம் 412 பக்கம். ஒரு ஃபோல்டரில் போட்டு ஐவரும் 'பகிர்ந்து' கொண்டோம். அந்த ஐப்பசி மழையில் பெரியவர் வீட்டுக் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. யாரும் பதறவில்லை. அதுதான் மேலே ஏறிவிட்டதே!

அடுத்த வருஷம் பெரியவர் ஒரு காரியம் செய்தார். ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே இருந்த படங்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, அப்படியே இழுத்துத் தம் கம்ப்யூட்டரின் முகப்பில் போட்டுக்கொண்டார். 'என் பங்கை வீட்டுக்கு எடுத்து வந்தேன்' என்று பிற்பாடு அவர் சொன்ன வார்த்தையை நான் மறக்கமாட்டேன். இழுத்தபோது இங்கிலீஷில் ஏதோ கேட்டதாம். 'சரி' என்று அழுத்தினாராம். எங்கள் நால்வரிடமிருந்தும் படங்கள் அந்தக் கணமே மறைந்தன. நாங்கள் பார்க்கவில்லை, பத்திரமாக இருக்கிற பொருளை யார் தினம் எடுத்துப் பார்க்கிறார்கள்? சில வாரம் கழித்து அவருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. ரிப்பேர்க் கடைப் பையன், "முக்கியமான ஃபைல் ஏதாவது இருக்கா, ஸார்?" என்று கேட்டிருக்கிறான். "எல்லாம் மேலே இருக்குப்பா" என்று சொல்லியிருக்கிறார். அவன் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டான். நாங்கள் விழித்துக்கொண்டபோது இரண்டரை மாதம் ஆகியிருந்தது. குப்பைக்கூடையில் போனதை முப்பது நாள்தான் வைத்திருப்பார்களாம்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அவரைத்தான் ஏசினார்கள். 'வயசானவர் கையில் ஏன் கொடுத்தீர்கள்?' என்றார்கள். எங்கள் ஐவரில் ஒருவரே அவர் காதுபடச் சொன்னார். என் மருமான் ஒருவன் பெங்களூரில் இந்தத் தொழிலில்தான் இருக்கிறான். அவனிடம் சொன்னேன்.

"வார்னிங் வந்திருக்குமே, மாமா. படிக்காம ஓகே கொடுத்தா யாரோட தப்பு?" என்றான்.

"நாற்பது வருஷம் மணியார்டர் பாரத்திலே ஒரு எழுத்து விடாமல் படித்தவர்டா அவர்" என்றேன். "இழுத்தால் சில இடத்தில் பிரதி ஆகும், சில இடத்தில் பெயர்ந்து போகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?"

"அது டாகுமெண்ட்ல இருக்கு, மாமா."

இருக்கும். எல்லாம் எங்கேயாவது இருக்கிறது. ஆனால் பத்து நூறு முறை அர்த்தமில்லாமல் 'நிச்சயமாகவா?' என்று கேட்டுப் பழக்கிவிட்டு, நூற்றோராம் முறை மெய்யாகவே கேட்கும்போது மட்டும் மனிதன் விழிப்போடு இருக்கவேண்டும் என்பது என்ன நியாயம்? 'இதை இழுத்தால் மற்ற நால்வரிடமிருந்தும் போய்விடும்' என்று தமிழில், பெரிய எழுத்தில் கேட்டிருந்தால் அவர் கையை எடுத்திருப்பார். இல்லை, அவர் செய்தது தவறே அல்ல என்கிறேன். சொல் அவரிடம் பங்கு இருப்பதாகச் சொல்லிற்று. அவர் பங்கை எடுத்துக்கொண்டார். பொய் சொன்னது சொல்.

இனி இந்தப் பொது ஃபோல்டருக்குள் யாருக்கு என்ன பாத்தியதை என்று பார்க்கலாம். நம்மில் பலர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்கள். ஆறு குடும்பம், ஒரு கிணறு, ஒரு கொல்லை. கிணறு 'எல்லோருக்கும் பொது'. வீட்டுக்காரர் கண்ணை மூடி, பிள்ளைகள் வீட்டை விற்கும் அன்றுதான் கிணறு யாருடையது என்று தெரியும். கூகுள் டிரைவில் தனி மனிதர்கள் சேர்ந்து வைக்கும் ஃபோல்டர் இந்த ஒண்டுக்குடித்தனமேதான். ஃபோல்டருக்கு ஒருவர் எஜமானர். அதற்குள் கிடக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் அதைப் போட்டவர் எஜமானர். அவர் அழித்தால் எல்லோருக்கும் அழியும். வேறொருவருடைய ஃபைலை நீங்கள் ஃபோல்டரிலிருந்து நீக்கினால் வேறொரு கூத்து: ஃபைல் சாகாது, ஆனால் மற்றவர்கள் கண்ணுக்கு அது அங்கே இராது. சொந்தக்காரருடைய இடத்தில் எங்கோ அநாதையாகக் கிடக்கும். பலருக்கு அதைத் தேடவும் தெரியாது. 'தானாகக் காணாமல் போயிற்று' என்று ஜனங்கள் புலம்புவதில் பாதி இந்த ரகம்.

எஜமானர் இறந்துபோனால்? இரண்டு வருஷம் உபயோகிக்கப்படாத கணக்கை அதில் உள்ளவற்றோடு அழிக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி செய்து, அந்த வருஷம் டிசம்பரிலிருந்து அமலுக்கும் கொண்டுவந்தது. இறந்தவர் வந்து உள்ளே நுழைந்து காட்டப் போகிறாரா? தமக்குப்பின் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2013 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் அதைக் கேள்விப்பட்டவரையே நான் பார்த்ததில்லை.

இட விஷயமும் இப்படித்தான், கம்பெனிக்கொரு தர்மம். டிராப்பாக்ஸில் ஒருவர் பகிரும் ஃபோல்டர், சேர்ந்த ஒவ்வொருவருடைய இடத்தையும் தின்னும். இலவசமாகத் தருவதே 2 ஜிபி. ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணப் படங்களைப் பார்க்கச் சம்மதித்த பாவத்துக்கு உங்கள் இடம் நிரம்பிவிடும். கூகுளில் போட்டவர் கணக்கில்தான் ஏறும். ஆனால் அந்த 15 ஜிபியைக் கடிதமும் புகைப்படமும் சேர்ந்தே பங்கு போட்டுக்கொள்கின்றன. நிரம்பினால் கடிதம் வருவதும் நின்றுபோகும். போகட்டும், இடம் காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள். அதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கோபம் எங்கே வருகிறதென்றால், இவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பதில். 2017-ல் கூகுள் ஆபீஸ்களுக்கென்று வேறொரு வகையை ஏற்படுத்திற்று. 'ஷேர்டு டிரைவ்' என்று இப்போது அதற்குப் பெயர். அதில் ஃபைல் போட்டவனுடையது அல்ல, ஸ்தாபனத்தினுடையது. குமாஸ்தா வேலையை விட்டுப் போனாலும், செத்தே போனாலும் ஃபைல் இருந்த இடத்தில் இருக்கும். இதுவல்லவா பொது? இதுவல்லவா அந்த ஃபோல்டருக்கு முதலிலேயே இருந்திருக்க வேண்டிய இலக்கணம்? ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்குக்காரன் இதைத் திறக்க முடியாது. ஸ்தாபனங்களுக்குத்தான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகையைக் காப்பாற்ற நினைத்தால், அண்ணன் தங்கைகள் அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துவைக்க நினைத்தால், அவர்களுக்கு ஒண்டுக்குடித்தனம்தான். மருந்து கண்டுபிடித்துவிட்டு அதைத் தர்ம ஆஸ்பத்திரிக்குத் தரமாட்டேன் என்பவனை நாம் என்ன சொல்வோம்?

சாவி விவகாரம் ஒன்று பாக்கி. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று ஒரு வசதி. வாசற்கால் மிதியடிக்கடியில் சாவியை வைத்துவிட்டு ஊருக்குச் சொல்லுகிற வசதி. 2018-ல் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறி இப்படித் திறந்து கிடந்த கூகுள் ஆவணங்களை எல்லாம் தேடுவோர் கண்ணில் காட்டிற்று. 2019-ல் பாக்ஸ் என்ற சேவையில் பல கம்பெனிகள் வைத்திருந்த இணைப்புகளை ஊகித்தே திறக்க முடிந்தது என்று அம்பலமாயிற்று. சரி, பூட்டி வைப்போமே என்று பார்த்தால், பெயர் சொல்லி அழைத்த விருந்தாளிக்கே கதவு திறப்பதில்லை. 'உங்களுக்கு அனுமதி இல்லை, அனுமதி கேளுங்கள்' என்கிறது. என்னவென்று பார்த்தால் மனுஷருடைய செல்போனில் பிள்ளையின் கணக்கு திறந்திருக்கிறது. அழைப்புப் போனது அவருடைய சொந்தக் கணக்குக்கு. இந்த ஒன்றுக்காக நான் டெலிபோனில் செலவழித்த மாலைகளில் ஒரு குறுநாவல் எழுதியிருக்கலாம்.

'இலவசமாகத் தருகிறான், அதற்குமேல் என்ன கேட்கிறீர்?' என்று வாசகரில் சிலர் நினைக்கலாம். நமது ஊர் பாங்குக்குப் போய் இரண்டு பேர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துப் பாருங்கள். சொற்பத் தொகைதான். ஆனாலும் குமாஸ்தா முதல் நாளே பாரத்தைத் திருப்பி வைத்துக் கேட்பார்: இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணமா, இல்லை, இருவரில் யாராவது ஒருவர் போதுமா? ஒருவர் காலமானால் மற்றவருக்கா? நாமினி யார்? ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிற இந்த மூன்று கேள்வியை, ஒரு குடும்பத்தின் அத்தனை படங்களையும் வாங்கி வைத்துக்கொள்கிறவன் கேட்கக்கூடாதா? எடுத்தால் மற்றவர்களுக்கும் போகவேண்டுமா, போகக்கூடாதா. ஐந்தில் ஒருவர் மொத்தத்தையும் எடுக்க முயன்றால் மற்ற நால்வரைக் கேட்கவேண்டுமா, வேண்டாமா. இவர் போய்விட்டால் அடுத்து யார். இதில் எந்தக் கேள்வியும் அவர்கள் சாமர்த்தியத்துக்கு மீறியதல்ல. கேட்டால் பொத்தானை அழுத்துமுன் மனிதன் ஒரு நிமிஷம் யோசிப்பான். யோசித்தால் வேகம் குறையும். அதுதான் அவர்களுக்கு ஆகாது.

எங்கள் 412 பக்கத்தில் 63 பக்கம் பிழைத்தது. படம் பிடித்த புதிதில் ஒரு கட்டுரைக்காக நான் தனியே எடுத்து எனக்கே கடிதமாக அனுப்பி வைத்திருந்தவை. அவற்றை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஐந்து பிரதி எடுத்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்து வாங்கினேன். ஆளுக்கொன்று என்று சொல்லியனுப்பினேன். மூன்று பேர் அன்று மாலையே வந்து வாங்கிக்கொண்டு, காப்பி சாப்பிட்டு, பழைய கார்ட்டூன்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பெரியவர் வரவில்லை. மறுநாள் அவருடைய பேரன் சைக்கிளில் வந்து, "தாத்தா வாங்கிண்டு வரச் சொன்னார்" என்று வாசலிலேயே நின்றான். கொடுத்தேன். ஒரு காகிதப் பையில் போட்டு, ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனான்.